கால் வைத்தாலே குற்றமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையைத் தாண்டிவிட்டால் கடலைவிட அதிகமாகக் கண்ணில் படுவது கம்பிவேலிதான். வேலிக்கு ஒரு பலகை. எழுத்துப் பிழையோடோ பிழையில்லாமலோ எல்லாப் பலகையிலும் ஒரே வாசகம்: 'இது தனியார் இடம். அத்துமீறி உள்ளே நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.' கூடுதல் பயம் வேண்டும் என்று நினைப்பவர்கள் கீழே வழக்கறிஞரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்துவிடுகிறார்கள்.

எழுதி மாட்டியவரும் இதை நம்புகிறார், படித்துவிட்டு ஒதுங்கிப் போகிறவரும் நம்புகிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவர் நம்புகிறார். வாங்கிக்கொள்கிற ஏட்டு நம்புவதுபோல நடந்துகொள்கிறார். மறுநாள் நாளிதழில் 'அத்துமீறி நுழைந்தவர் கைது' என்று செய்தி வருகிறது. பிறர் இடத்தில் அனுமதியில்லாமல் கால் வைப்பது அத்துமீறல், அத்துமீறல் என்றால் குற்றம், குற்றம் என்றால் போலீஸ். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் நம் எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருக்கும் நம்பிக்கை இது. இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பொறுத்தவரை இது தவறு. பேச்சு வழக்கில் வரும் சின்னப் பிழை என்று விட்டுவிட முடியாத தவறு, ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 441ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் மாறவில்லை. இன்னொருவரின் அனுபவத்தில் இருக்கும் சொத்துக்குள் ஒருவர் நுழைய வேண்டும். நுழையும்போது ஏதாவது ஒரு குற்றத்தைச் செய்யும் நோக்கம் இருக்க வேண்டும், அல்லது அந்தச் சொத்தை அனுபவித்து வருபவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும். முறைப்படி உள்ளே வந்தவர் அதே மாதிரி நோக்கத்தோடு சட்டத்துக்குப் புறம்பாக அங்கேயே இருந்துவிட்டாலும் குற்றம்தான். பிரிவு இவ்வளவுதான். அதில் அனுமதி என்ற பேச்சே இல்லை. வேலியும் பலகையும் பட்டாவும் இல்லை. இருப்பது நோக்கம்.

எழுதியவர்கள் கவனக்குறைவாக விட்டுவிட்டார்களோ என்று கேட்கலாம். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைவைக் கொடுத்தது. அது சட்டமாக 1860 ஆயிற்று, நடைமுறைக்கு வர 1862 ஆயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் பலர் கைபட்டு உருண்ட வாசகம் அது. அவர்கள் எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்து வளர்ந்தார்களோ, அந்த இங்கிலாந்திலேயே வெறுமனே பிறர் நிலத்தில் கால் வைப்பது குற்றமல்ல. நிலத்துக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவே. அங்கேயும் வேலிகளில் நம்முடைய பலகையின் மூதாதை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊர் வக்கீல்கள் அதற்கு 'மரத்தாலான பொய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் குன்றுப் பகுதியில், பணக்காரர்களின் வேட்டைக்காக அடைத்துவைத்திருந்த மேட்டு நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் வேண்டுமென்றே திரண்டு நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அடிதடி, கலகம் என்றுதான் அவர்கள்மீது குற்றச்சாட்டு. அத்துமீறல் என்று ஒருவர்மீதும் வழக்குப் போட முடியவில்லை, அப்படி ஒரு குற்றம் அங்கே இல்லாததால்.

நோக்கத்தைப் பார்க்காமல் நுழைவை மட்டுமே தண்டிக்க வேண்டும் என்று நினைத்தால் நம் சட்டமன்றங்களுக்கு அப்படி எழுதத் தெரியாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவைப் பாருங்கள். உரிய அதிகாரமின்றி ரயில்வே இடத்துக்குள் நுழைந்தாலே போதும், ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். என்ன எண்ணத்தில் தண்டவாளத்தைக் கடந்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. காப்புக்காடுகளுக்கும் சரணாலயங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. உத்தரப் பிரதேசம் இன்னும் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. 441ஆவது பிரிவு போதவில்லை என்று 1961இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஆக்கிரமிக்கும் எண்ணத்தோடு நுழைந்தவர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தும் குறித்த தேதிக்குள் வெளியேறாவிட்டால் அதுவும் குற்றமுறு அத்துமீறல் என்று சேர்த்தது. மூலப் பிரிவிலேயே அது அடங்கியிருந்தால் திருத்தத்துக்கு என்ன வேலை?

'எரிச்சல்படுத்தும் நோக்கம்தானே வேண்டும்? என் நிலத்தில் ஒருவன் வந்து நின்றால் எனக்கு எரிச்சல் வராதா? வரும் என்று அவனுக்குத் தெரியாதா?' இது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். நீதிமன்றங்களையே நூறாண்டுக்கு மேல் அலைக்கழித்த கேள்வியும் இதுதான். இதற்குச் சுவையான எடுத்துக்காட்டு பழைய வழக்குத் தொகுப்புகளில் அடிக்கடி வரும். ஒருத்தி அழைத்தாள் என்று ஒருவன் நள்ளிரவில் ஒரு வீட்டுக்குள் போகிறான். அண்ணன்காரனோ அப்பனோ விழித்துக்கொள்கிறார். பிடிபட்டவன்மீது அத்துமீறல் வழக்கு. வீட்டுக்காரருக்கு ஆத்திரம் வந்தது உண்மை. தெரிந்தால் ஆத்திரம் வரும் என்று அவனுக்கு முன்பே தெரியும் என்பதும் உண்மை. ஆனால் அவன் போனது ஆத்திரமூட்டவா? யாருக்கும் தெரியாமல் போய்த் தெரியாமல் திரும்பிவிட வேண்டும் என்பதுதானே அவன் முழு எண்ணமும்? விளைவு இப்படி ஆகும் என்று தெரிந்திருப்பது வேறு, அந்த விளைவுக்காகவே போவது வேறு. ஒழுக்கத்தைப் பற்றி ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், 441இல் அவனை அடைப்பது கடினம்.

இந்த வேறுபாட்டைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, வுல்லப்பா எதிர் பீமராவ் வழக்கில், முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் பிறகு மத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் அதை நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது. தொல்லை விளையும் என்ற அறிவு மட்டும் போதாது, தொல்லை தருவதே நுழைவின் குறியாக இருந்திருக்க வேண்டும் என்றது. நிலத்தை ஒப்படைக்கச் சொல்லும் வாரண்டோடு வந்தவர்களைத் தாக்கிவிட்டு, 'அவர்கள் அத்துமீறினார்கள், நாங்கள் தற்காத்துக்கொண்டோம்' என்று சொன்னவர்களின் வழக்கு அது. வந்தவர்களின் குறி நிலம்தானே தவிர எதிராளியின் எரிச்சல் அல்ல என்று சொல்லித் தற்காப்பு வாதத்தை நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அடுத்த மயக்கம் இதைவிடப் பெரியது. அத்துமீறலில் பாதிக்கப்படுபவர் 'சொந்தக்காரர்' என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது பத்திரத்தை அல்ல, அனுபவத்தை. யார் கையில் இடம் இருக்கிறதோ அவருக்கு எதிராகத்தான் அத்துமீறல் நடக்க முடியும். குடியிருப்பவர் வாடகை பாக்கி வைத்திருக்கிறார், ஒப்பந்தம் முடிந்துபோயிற்று, ஆனாலும் வீடு அவர் அனுபவத்தில் இருக்கிறது. அவரை மிரட்டிக் கிளப்ப நாலு ஆளோடு கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகும் வீட்டுக்காரர்தான் அங்கே அத்துமீறுபவர். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அவர் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். உரிமம் முடிந்தவரைக்கூடச் சட்டப்படியன்றி வேறு வழியில் வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் சொல்லியிருக்கிறது. உரிமம் முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்மீது குற்ற வழக்குப் போட்டபோது, இது உரிமையியல் தகராறு, குற்றம் அல்ல என்று கன்வல் சூத் வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 6ஆவது பிரிவின்படி, சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் இடத்தை மீட்டுக்கொள்ளலாம். இடம் யாருடையது என்ற கேள்வி அந்த வழக்கில் எழாது. ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்துமீறல் குற்றத்தைச் சமரசம் செய்து முடித்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சட்டம் கொடுத்திருப்பதும் இடத்தை அனுபவித்து வருபவருக்குத்தான், உரிமையாளருக்கு அல்ல.

அதனால் 'என் நிலத்தில் நான் போக எவன் அனுமதி வேண்டும்?' என்ற வீராப்பு சினிமாவுக்குப் பொருந்தும். நீதிமன்றத்தில் அதைச் சொன்னால் வக்கீல் நம் காலை மிதிப்பார்.

வழியுரிமைக்கு வருவோம், தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தச் சொல் அன்றாடம் செய்யும் அநியாயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு தோட்டத்தின் ஓரமாக மேலக்காட்டுக்குப் போகும் வண்டிப்பாதை. தாத்தா காலத்திலிருந்து ஏரும் மாடும் போன தடம். நிலத்தை ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் வாங்குகிறார். சர்வேயரைக் கூட்டிவந்து அளக்கிறார், கல் நடுகிறார், வேலி போடுகிறார், பலகை மாட்டுகிறார். மறுநாள் தலையில் புல்லுக்கட்டோடு அந்த வழியே வரும் கிழவி அத்துமீறுபவள் ஆகிவிடுகிறாள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், முதலிலேயே சென்னை மாகாணத்துக்கும் பொருந்தும்படி வந்த சட்டம், வேறொன்று சொல்கிறது. இருபது ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையாகக் கருதி, வெளிப்படையாக ஒரு வழியைத் தன் நிலத்துக்காகப் பயன்படுத்தி வந்தவருக்கு அந்த வழியில் உரிமை பிறந்துவிடுகிறது. அரசு நிலமாக இருந்தால் முப்பது ஆண்டுகள். அப்படியானால் கிழவி தன் உரிமையைப் பயன்படுத்துகிறாள். சட்டத்தை மீறியது வழியை மறித்த கம்பி. பலகையில் எழுத வேண்டிய பெயர் வேறு.

மாட்டுக்குக் கிடைக்கும் நியாயம்கூட இங்கே மனிதருக்குக் கிடைப்பதில்லை. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரிடுபவர் தன் நிலத்தில் புகுந்த மாட்டைப் பிடித்துக் கொண்டித்தொழுவில் அடைக்கலாம். எப்போது? அது நுழைந்ததோடு நில்லாமல் நிலத்துக்கோ பயிருக்கோ சேதமும் செய்தால். மாட்டிடம் நோக்கம் கேட்க முடியாது என்பதால் சேதத்தைக் கேட்டார்கள் போலிருக்கிறது.

மயக்கத்தின் வேர் சொல்லிலேயே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'அத்து' என்றால் எல்லை. அரபி 'ஹத்'தின் வழியில் உருதுவிலிருந்து நம்மிடம் வந்த சொல். எல்லை மீறுவது அத்துமீறல். நல்ல சொல், கைக்கு அடக்கமான சொல். அதனால்தான் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்தால் அத்துமீறல், பெண்ணிடம் தவறாக நடந்தால் அத்துமீறல், அதிகாரி வரம்பு தாண்டினால் அத்துமீறல். இந்த எல்லா இடங்களிலும் சொல்லுக்குள் ஒரு கண்டனம் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கண்டனத்தை அப்படியே சுமந்துகொண்டு சொல் வயலுக்குள் வரும்போது, கால் வைத்தவன் முன்கூட்டியே குற்றவாளி ஆகிவிடுகிறான். சட்டத்தமிழ் இதை உணர்ந்துதான் 'குற்றமுறு அத்துமீறல்' என்று ஒரு அடைமொழியைச் சேர்த்தது. எல்லா அத்துமீறலும் குற்றம் என்றால் அந்த அடைமொழி வீண். ஆனால் நாளிதழ்களும் முதல் தகவல் அறிக்கைகளும் முதலில் வெட்டியெறிவது அதைத்தான்.

'அனுமதியில்லாமல் நுழைவதே தப்பு' என்று சொல்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. யாருடைய அனுமதி? 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அறங்காவலர் என்ற முறையில் ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். இனி நுழையக் கூடாது என்று தடை கேட்டதோடு, கோயிலைச் சுத்திகரிக்கும் செலவையும் கேட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராகவே வந்தது. சாமி கும்பிடப் போனவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள், சட்டப்படியே ஆனார்கள். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டவர்களை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனபோது, அழைத்துப்போனவர்கள்மீதும் அனுமதித்த கோயில் அதிகாரிகள்மீதும் வழக்குகள் பாயும் நிலை இருந்தது. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் காப்புச் சட்டம் கொண்டுவந்து அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சட்டத்தின் பெயரிலேயே 'காப்பு' இருப்பதைக் கவனியுங்கள். கோயிலுக்குள் போனதற்குக் காப்பு! நுழைவை மட்டும் பார், நோக்கத்தைப் பார்க்காதே என்று சொல்லும் கொள்கை நம் மண்ணில் யாருக்குச் சேவகம் செய்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இன்று அந்த இடத்தில் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அத்துமீறலுக்கு அண்ணன். நீர்நிலை ஓரத்துக் குடிசை, நடைபாதைக் கடை, ரயில் பாதையோரத்துத் தகரக் கொட்டகை எல்லாம் இதில் அடக்கம். இவர்களைப் பற்றிப் பேசும்போது படித்த நடுத்தர வர்க்கத்தின் குரலில் ஒரு கடுமை வந்துவிடுகிறது: 'திருடர்கள் சார், அரசாங்க இடத்தைத் திருடியவர்கள்.' இது தெருப் பேச்சு மட்டுமல்ல. 2000இல் அல்மித்ரா பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றமே, பொது இடத்தை ஆக்கிரமித்தவருக்கு மாற்றிடம் கொடுப்பது ஜேப்படிக்காரனுக்குப் பரிசு கொடுப்பதுபோல என்று எழுதியது. அந்த ஒப்புமையை நான் மறுக்கிறேன். மறுப்பதற்கான அடிப்படையும் அதே நீதிமன்றத்தில்தான் இருக்கிறது.

1981இல் பம்பாய் மாநகராட்சி நடைபாதைக் குடிசைகளை இடித்தது. வழக்குப் போட்டவர்களில் சேலத்துக்காரர் ஒருவர் உண்டு. நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர். நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட கூரைக்கு அங்கிருந்த குண்டர் ஒருவருக்குப் பணம் அழுதவர். ஒரு மழைக்கால நாளில் அதை இடித்து, குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவியும் பெண்களும் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பி மறுபடியும் நடைபாதைக்குப் போனார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் வழக்கின் உள்ளே இருக்கும் ஒரு வாழ்க்கை இது. 1985 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இவர்கள் அத்துமீறுபவர்கள்தானே, அறிவிப்புக் கொடுக்காமல் அகற்றினால் என்ன என்ற மாநகராட்சியின் வாதத்துக்கு அது நேராகப் பதில் சொன்னது. நடைபாதையில் குடிசை போட்டவரின் நோக்கம் குற்றம் செய்வதோ யாரையும் மிரட்டுவதோ அவமதிப்பதோ தொல்லைப்படுத்துவதோ அல்ல. 441ஆவது பிரிவின் சாரமே அந்த நோக்கம்தான். வேறு போக்கிடம் இல்லாத நெருக்கடி அவர்களை அங்கே தள்ளியிருக்கிறது.

இதைச் சொன்ன அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. மழைக்காலம் முடிந்து, அக்டோபர் 31க்குப் பிறகு அகற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. நான் இதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் என் வாதம் அங்கேயே நிற்கிறது. ஒரு இடத்திலிருந்து ஒருவரை அகற்றும் அதிகாரம் அரசுக்கு இருக்கலாம். அவரைக் குற்றவாளி என்று அழைக்கும் அதிகாரம் அதோடு சேர்ந்து வருவதில்லை. ஜேப்படிக்காரன் பாக்கெட்டில் கைவிடும்போது திருடும் எண்ணத்தோடு விடுகிறான். சேலத்துக்காரர் கித்தானைக் கட்டும்போது மழைக்கு ஒதுங்கும் எண்ணத்தோடு கட்டுகிறார். நோக்கத்தைப் பார்ப்பதே தொழிலாக உள்ள ஒரு சட்டத்தின் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகலாமா?

நம் மாநிலத்தின் பழைய சட்டமே இதை நன்றாக உணர்ந்திருந்தது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், புறம்போக்கில் குடியிருப்பவரைக் கைவிலங்கு போட்டு இழுத்துப்போகச் சொல்லவில்லை. தீர்வை போடச் சொன்னது, அறிவிப்புக் கொடுக்கச் சொன்னது, காரணம் கேட்கச் சொன்னது, பிறகுதான் வெளியேற்றச் சொன்னது. தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும் 'பி மெமோ'வைக் கிராமத்து ஜனங்கள் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள். ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும் அந்தத் தாளே, இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம் என்பதற்கு அவர்களிடம் உள்ள ஒரே ஆதாரம். இது வருவாய்த் துறை விவகாரம் என்பதில் வெள்ளைக்காரனுக்குக் குழப்பம் இருக்கவில்லை. நமக்குத்தான் அதில் திருட்டு வாடை அடிக்கிறது.

'அப்படியானால் நிலத்துக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? நில மாஃபியாக்காரன் வந்து வேலியைப் பிடுங்கினால், எனக்கு நோக்கம் இல்லை என்று சொல்லித் தப்பிவிடுவானே?' நியாயமான அச்சம். ஆனால் வேலியைப் பிடுங்குவதும் கல்லைப் பெயர்ப்பதும் காவல்காரனை மிரட்டுவதும் சேதம் விளைவித்தல், மிரட்டல் என்று தனியாகவே குற்றங்கள். அந்தக் குற்றங்களைச் செய்யும் எண்ணத்தோடு நுழைந்தால் அத்துமீறலும் தானாகச் சேர்ந்துவிடும். நோக்கத்தை யாரும் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, நடத்தையிலிருந்து நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். திருட்டிலும் மோசடியிலும் தினமும் அப்படித்தான் செய்கிறது. கைமீறிப் போகும் தகராறில், யார் அனுபவத்தில் இடம் இருந்தது என்று மட்டும் பார்த்து உத்தரவு போட நிர்வாக நடுவருக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆவது பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164ஆவது பிரிவு, அதிகாரம் தருகிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை இருக்கிறது, நஷ்டஈடு இருக்கிறது, உரிமை விளம்புகை இருக்கிறது. தாமதமாகிறது என்பது உண்மைதான். அந்தத் தாமதத்துக்கு மருந்து நீதிமன்றங்களைச் சரிசெய்வது. குற்றத்தின் பொருளை வளைப்பது மருந்தாகாது.

பொருளை வரையறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2011இல் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டன, தனி நீதிமன்றங்களும் வந்தன. 2015 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்துசெய்தது. முக்கியக் காரணம், 'நில அபகரிப்பு' என்றால் என்ன என்று ஆணையில் எங்கும் சொல்லியிருக்கவில்லை, எந்த வழக்கை எடுப்பது எதை விடுவது என்பது போலீஸ் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. பொருள் தெளிவில்லாத சொல் அதிகாரத்தின் கையில் இருந்தால் அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெட்டும் என்பதே இங்கே நமக்கு வேண்டிய செய்தி.

இந்த மயக்கம் காவல் நிலையத்தில் என்ன வடிவம் எடுக்கிறது என்பது தமிழ்நாட்டு வக்கீல்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: 447, 294(பி), 506(2). வரப்புத் தகராறா, வாடகைத் தகராறா, பங்காளிச் சண்டையா, எதுவானாலும் 'எதிரிகள் அத்துமீறி உள்ளே நுழைந்து, அசிங்கமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து' என்று ஒரே அச்சில் வார்த்த வாக்கியம். பிரிவுகளின் எண்கள் இப்போது 329(3), 296(பி), 351(3) என்று மாறிவிட்டன, வாக்கியம் மாறவில்லை. வருஷக்கணக்கில் உரிமையியல் நீதிமன்றத்தில் நடக்க வேண்டியதை ஒரு சாயங்காலத்தில் ஸ்டேஷனில் முடித்துக்கொள்ள இதுதான் குறுக்குவழி. வாக்கியத்தில் என்ன இல்லை என்று பாருங்கள். எந்த நோக்கத்தோடு நுழைந்தார்கள் என்பது இல்லை, இடம் யார் அனுபவத்தில் இருந்தது என்பதும் பல சமயம் இல்லை. பிறகு உயர் நீதிமன்றத்துக்கோ மதுரை அமர்வுக்கோ போய் வழக்கை ரத்துசெய்யச் சொல்லி மனுப்போட வேண்டும். பணம் உள்ளவர் போடுவார். இல்லாதவர் மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்ற சின்னக் குற்றத்துக்காக வாய்தா வாய்தாவாக அலைவார். பழைய சட்டத்தில் அபராதம் ஐந்நூறு.

இதைவிட மோசமான விளைவு ஒன்று வேலியிலேயே இருக்கிறது. 'நுழைந்தவன் குற்றவாளி, என்ன ஆனாலும் அவன் பொறுப்பு' என்ற எண்ணத்தில்தான் வேலிக்குத் திருட்டுத்தனமாக மின்சாரம் கொடுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டத்தில் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. ஆட்களும் சாகிறார்கள். சொத்தைக் காக்கும் தற்காப்புரிமையைச் சட்டம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் சாதாரண அத்துமீறலுக்கு எதிராக மரணம் விளைவிக்கும் அளவுக்கு அது போகாது. சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே வீட்டை உடைத்து நுழைவது போன்ற, சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு மட்டும்தான் அந்த எல்லை. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது தற்காப்புரிமையே கிடையாது. கம்பியில் கரண்ட் விட்டுவிட்டு வீட்டில் தூங்குபவர் எதையும் தற்காத்துக்கொள்ளவில்லை, கொலைப் பொறி வைத்திருக்கிறார்.

செய்தி எழுதும் நண்பர்களிடமும் புகாரைப் பதிவுசெய்யும் காவலர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. 'அத்துமீறி நுழைந்தார்' என்று எழுதும்போது, யார் அனுபவத்தில் இருந்த இடம், என்ன நோக்கத்தோடு நுழைந்தார் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். எழுத முடிந்தால் வழக்குப் போடுங்கள், செய்தி போடுங்கள். எழுத முடியாவிட்டால் உங்கள் கையில் இருப்பது குற்றம் அல்ல, உரிமையியல் தகராறு. மனுதாரருக்கு ஒரு ரசீது கொடுத்து, முன்சீப் நீதிமன்றம் எங்கே இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள்.